வலி இல்லை என்று சொன்ன இரண்டு பேர்

வெள்ளிமலையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு, ஒரு பை சாமையோடு எங்கள் ஊர் வடக்கனந்தலில் இறங்கினேன். பஸ் நிற்கவில்லை, நான் இறங்கிவிட்டேன். எப்போதும் அப்படித்தான். நிற்கும்வரை உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கு வலது இடுப்புக்குள் விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது. கொட்டிய சாமையை அள்ளப் பார்த்தேன், கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஆபரேஷன். தொடை எலும்பின் கழுத்து (இடுப்புக்குள் சுழலுகிற உருண்டைக்குக் கீழே இருப்பது) உடைந்திருந்தது. உருண்டையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். மறுநாளே வாக்கரைப் (நான்கு கால் உள்ள நடைச்சட்டம்) பிடித்து நிற்கவைத்தார்கள். நிற்பதுகூடப் பரவாயில்லை, படுத்திருப்பதுதான் தண்டனை. மின்விசிறியைப் பார், சுவரைப் பார், மறுபடி மின்விசிறியைப் பார். கொல்லையில் மக்காச்சோளம் கதிர் வாங்கியிருந்தது. என் கால் ஆறும்வரை காட்டுப்பன்றி காத்திருக்குமா?

டாக்டரம்மா தினமும் ஒரே கேள்வி கேட்பார்.

"வலி எவ்ளோ ஆயா? பத்துக்கு எவ்ளோ?"

"முட்டைங்க."

வார்டே சிரிக்கும். சிரிக்கிற கிழவியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினேன்.

என் பேத்தி நித்யா ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். அங்கே வேன் ஓட்டுகிற கென்ஜியைக் கட்டிக்கொண்டாள். நான் விழுந்த சேதி கேட்டு இருவரும் வந்திருந்தார்கள். வேன் ஓட்டுவதற்கு முன்னால் கென்ஜிக்குக் கால்பந்துதான் பிழைப்பு. எதிரணி கோலுக்குப் பக்கத்திலேயே திரிந்து, பந்தை உள்ளே தள்ளுகிற வேலை. விளையாட்டை விட்டு நாலைந்து வருஷமாகியும் அவரால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. நான் கட்டிலில் புரளுவேன், அவர் கட்டிலைச் சுற்றிச்சுற்றி நடப்பார்.

"உக்காரு மாப்ள, தரை தேஞ்சிடப் போவுது."

"ஆயா படுத்தா நான் உக்காரும்," என்பார். நித்யா கற்றுக்கொடுத்த தமிழ்.

ஐந்தாம் நாள் காலையில் வலது கெண்டைக்கால் கல்லாகக் கனத்தது. தொட்டால் சுட்டது. அன்றைக்குத்தான் டாக்டரம்மா, "நாளைக்கு வூட்டுக்குப் போலாம் ஆயா. எங்கியாச்சும் வலி இருக்குதா?" என்று கேட்டார். போர்வையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டு, "முட்டைங்க," என்றேன்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். கென்ஜி நடையை நிறுத்தினார். போர்வையைத் தூக்கி, இரண்டு விரலால் கெண்டைக்காலை லேசாக அமுக்கினார். நான் பலமாகச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆயா, பொய்."

"ஏண்டி நித்யா, உம் புருசன் பந்து ஒதச்சானா, டாக்டருக்குப் படிச்சானா?"

கென்ஜி தன் பேண்டை முட்டிக்கு மேலே சுருட்டினார். முட்டியில் மூன்று நீளத் தழும்புகள். அவர் பாஷையில் அவர் சொல்லச் சொல்ல, நித்யா நம் பாஷையில் சொன்னாள்.

பெரிய அணியில் சேர்ந்த புதிதில் நிறைய கோல் அடித்திருக்கிறார். இருபத்துமூன்று வயதில் முட்டியின் லிகமெண்ட் (எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் நார்) அறுந்தது. தைத்தார்கள். மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். முழுதாக ஆறுவதற்குள், வலி இல்லை என்று அணி டாக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கினார். அன்றைக்கு ஒரு கோலும் அடித்தார். அடித்த அதே உதையில் தைத்தது திரும்பவும் அறுந்தது. அப்புறம் சின்ன அணி, அதற்கும் சின்ன அணி, பாதி நாள் பெஞ்சு.

"கூட்டம் அவுரு பேரச் சொல்லிக் கத்திக்கினு இருந்துச்சாம் ஆயா. இவுரு கீழ கெடந்து, நாமதான பொய் சொன்னோம்னு நெனச்சுக்கினு இருந்தாராம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பேரம் பேசினேன். "நாளைக்கு வூட்டுக்குப் போயி, அங்கருந்து சொல்லிக்கலாம்."

"ஆயா சொல்லு. இல்ல, நான் சொல்லும்." வார்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

வேறு வழியில்லாமல் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, "முட்டை இல்லீங்க, எட்டு," என்றேன்.

டாப்ளர் (ரத்தம் ஓடுவதைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தார்கள். காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தது.

"இது பிச்சுக்கினு நுரையீரலுக்குப் போயிருந்தா உசுருக்கே ஆபத்து. இன்னா ஆயா, சிரிச்சுக்கினே போயிடலாம்னு பாத்தியா?" என்றார் டாக்டரம்மா.

வயிற்றில் ஊசி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இன்னும் பத்து நாள் கட்டில். சோளத்தில் பாதி பன்றிக்குப் போயிற்று. ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கால் மட்டும் வீங்கி, கனத்து, சூடாக இருந்தால் மறைக்காதீர்கள். நர்ஸ் திட்டினாலும் திட்டட்டும்.

அவர்கள் ஜப்பானுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கென்ஜியைக் கேட்டேன். "கடைசி ஆட்டத்துல எத்தினி கோலு மாப்ள?"

முட்டை என்று விரலால் பெருமையாகக் காட்டினார். முடிய நாலு நிமிஷம் இருக்கும்போதுதான் உள்ளே விட்டார்களாம். பந்து காலில் படவேயில்லையாம்.

"அப்புறம் அதுல இன்னா பெருமை?"

நித்யா கேட்டுவிட்டுச் சொன்னாள். "அன்னிக்குத்தான் டாக்டருகிட்ட, வலிக்குது, ஆனாலும் போறேன்னு சொன்னாராம். வலியச் சொல்லிட்டு ஆடுனது அந்த நாலு நிமிசந்தானாம்."

இப்போது வாரம் ஒருமுறை ஜப்பானிலிருந்து போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "ஆயா, வலி?" என்பார். "ரெண்டு. படி ஏறுனா நாலு," என்பேன். "உனக்கு?" என்றால், "குளிர். அஞ்சு," என்பார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு எடை போடுவதுபோல் இரண்டு பேரும் வலியை நிறுத்துக்கொள்கிறோம்.

போன வாரம் வெள்ளிமலைக்குப் போய்வந்தேன். மலை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் உலோக உருண்டை உள்ளே இருப்பது தெரிந்தது. அது என்னுடையதா, அதனிடம் நான் வாடகைக்கு இருக்கிறேனா என்று இன்னும் முடிவாகவில்லை. வடக்கனந்தல் வந்ததும் பழைய புத்தி கிளம்பி, கை கம்பியைப் பிடித்துவிட்டது. பிடித்தபடி நின்றேன். பஸ் நின்றது. முழுசாக நிற்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் நின்றேன்.

"எறங்கு ஆயா, டைம் ஆவுது!" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு வலிக்குதுப்பா. மெதுவாத்தான் எறங்குவேன்."

விசில் அவர் வாயிலேயே நின்றது. முதலில் இடது கை, அப்புறம் தடி, அப்புறம் வலது கால், கடைசியாக நான். மொத்த பஸ்ஸும் காத்திருந்தது.