ஆற்றைத் தாண்டாத கப்பல்

கல்லூரியில் நான் தத்துவம் கற்பித்தேன். மதங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பாடம்தான் எனக்குப் பிடித்தது. ஒரு மதத்தின் பிரளயக் கதை இன்னொன்றுக்குள் எப்படிப் போகிறது என்று கரும்பலகையில் கோடு இழுத்துக் காட்டுவேன். அப்படிப்பட்டவன் சொந்த மகளிடம் நடந்துகொண்டதை இப்போது எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள். பசுமலையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கணினி இருந்தது. படிப்பை முடித்த மகளும் அவளோடு படித்தவன் ஒருவனும் அதில் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். அவன் நகருக்குள் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. படம் நன்றாக வரைவான். அவர்கள் விளையாடிய வெளிநாட்டு விண்வெளி கேம்களில் தீர்க்கதரிசிகள் வந்தார்கள், ஊழிநாள் வந்தது, கப்பல்களுக்குத் தேவதூதர்களின் பெயர் இருந்தது.

"எல்லாரும் அவங்கவங்க சாமியக் கூட்டிட்டுப் போறாங்க. நம்ம ஊரு சாமி மட்டும் என்ன பாவம் செஞ்சுச்சு?" என்றாள் மகள்.

அவள் எடுத்துக்கொண்டது, தங்கை கல்யாணத்துக்குப் பிந்தி வந்து ஆற்றோடு திரும்பிவிடும் எங்கள் ஊர் அழகரை. தங்கையின் கல்யாணத்துக்கு அண்ணன் விண்கப்பலில் வருகிறான். கப்பலில் ஒரு நாள் கழிந்தால் தங்கையின் கிரகத்தில் ஒரு வருஷம் ஓடிவிடும். ஒளி ஆறாக ஓடும் கரைக்கு அவன் வந்து சேரும்போது கல்யாணம் முடிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் போகாமலே திரும்பி, அழகரை விரும்பிய முஸ்லிம் பெண்ணான துலுக்க நாச்சியார் இருக்கும் சிறு நிலவில் தங்குகிறான். அங்கே விளக்கு எரியும் ஒற்றை வீட்டை அந்தப் பையன் வரைந்திருந்தான்.

"சாமிய ராக்கெட்ல ஏத்தி விளையாடுறீங்களோ?" என்றேன்.

"குதிரையில ஏத்தலாம், ராக்கெட்ல ஏத்தக் கூடாதாக்கும்?"

பையன் சிரிப்பை மறைக்கக் குனிந்தான். எனக்குச் சுருக்கென்றது. அவள் அதைக் கவனிக்காமல், "ஏம்ப்பா, ஆத்தத் தாண்டிப் போயி தங்கச்சியப் பாக்குற மாதிரியும் ஒரு முடிவு வைக்கவா? விளையாடுறவங்க இஷ்டத்துக்கு விட்டுருவோம்" என்றாள்.

"அழகர் தாண்ட மாட்டார். தாண்டினா அது அழகர் கதையே இல்ல."

வகுப்புக் குரலில் சொன்னேன். "சரிப்பா" என்றாள், திரையைப் பார்த்தபடி.

அடுத்த ஆண்டு இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார்கள். நான் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் என் பாடமெல்லாம் பொய்யென்று ஆகிவிடும். பேசாமல் மட்டும் இருந்தேன். அவனியாபுரத்தில் ஒரு சிறிய மண்டபம் பிடித்தார்கள். காலையிலேயே கிளம்பிய மனைவி, "வருவீங்கள்ல?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"நீ போ. பின்னாடியே வாரேன்."

மெதுவாக முகம் மழித்தேன். செய்தித்தாளை இரங்கல் விளம்பரம் வரை படித்தேன். ஆட்டோவில் போய் இறங்கியபோது மண்டப வாசலில் ஆட்கள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

"இப்பத்தேன் மாலை மாத்துனாங்க, சார். உள்ள போங்க, பொண்ணு உங்களத்தேன் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"முடிஞ்சிருச்சுல்ல" என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பினேன். அந்த வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் தாமதமாகப் போனேன்.

மாலையில் வந்த மனைவி புடவைகூட மாற்றவில்லை. "பெரிய அழகருன்னு நெனப்பு" என்றாள். "அவரு தெரியாம லேட்டானாரு. நீங்க?"

அவர்கள் சென்னைக்குப் போனார்கள். கேமை முடித்துக் குறுந்தகடு ஒன்றை மருமகன் அனுப்பினான். நான் பிரிக்கவில்லை. தலைப்பிரசவத்துக்கும் மகள் தாய்வீடு வரவில்லை. தாய்தான் சென்னைக்குப் போனாள். தனியாக இருந்த ஒரு மதியத்தில் அந்தக் குறுந்தகட்டைப் பிரித்துக் கணினியில் போட்டேன்.

தட்டுத் தடுமாறிக் கப்பலை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தேன். அக்கரையில் தங்கையின் ஊர் விளக்குகள் தெரிந்தன. முன்னே போகும் பொத்தானை அழுத்தினேன். கப்பல் திரும்பியது. மறுபடி கொண்டுவந்து, விசைப்பலகையில் இருந்த பொத்தான்களையெல்லாம் அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பியது. நான் சொன்னபடியே செய்திருந்தாள். வேறு வழி வைக்கவில்லை.

தொலைபேசி அடித்தது. "பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இப்பவாச்சும் வாரீங்களா?" என்றாள் மனைவி.

"வாரேன்" என்றேன்.

ரயிலடி வரை போனேன். குழந்தைக்குத் தொட்டில் போடும் நாளுக்குள் போனால் போதாதா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்துவிட்டேன். தொட்டில் போட்டதாகச் செய்தி வந்தபோதும் நான் பசுமலையில்தான் இருந்தேன்.