முத்திரைக்கு முந்தைய நேரம்

காலை ஏழு இருபது. மருத்துவமனையின் பூட்டிய கம்பிக் கதவிலிருந்து தெருப் பக்கமாக, ஆட்களுக்குப் பதில் இடம்பிடித்து, இரண்டு செங்கல், ரப்பர் செருப்புகள், மூடியில்லாத ஒரு குடம், மடித்த சாக்கு என்று வரிசை நீண்டிருந்தது. பதினான்காவதாக ஒரு ஒயர்கூடை. அவற்றை வைத்தவர்கள் எதிர்ச் சுவரின் நிழலில் குந்தியிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், பத்திரிகை வேலையை விட்ட பிறகு சில மாதங்கள், மந்தைவெளிப் பக்கம் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் நேரம் குறிக்கும் வேலை பார்த்தேன். சில மருத்துவமனைகளை ஒப்பிட்டு, நோயாளிகள் குறைவாகக் காத்திருக்கும் ஒன்றை அளவுகோலாக வைத்து மற்றவற்றைச் சீர்படுத்துவது திட்டம். சைதாப்பேட்டையில் இருந்த ஒன்று அளவுகோலானது. சீட்டில் நேர முத்திரை விழுவதிலிருந்து டாக்டர் பார்ப்பதுவரைதான் காத்திருப்பு என்று கணக்கு. அங்கே இருபது நிமிடம், எங்களிடம் ஒன்றரை மணி நேரம். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது.

இரண்டாம் மாதம் எங்கள் நேரமும் குறைந்தது. டாக்டர் அதே ஒருவர்தான். உள்ளே பெஞ்சு காலியானால் மட்டுமே அடுத்த ஐந்து பேருக்கு முத்திரை குத்தும் வழக்கத்தைச் சீட்டு எழுதும் குமாஸ்தா கொண்டுவந்திருந்தார். மற்றவர்கள் கதவுக்கு வெளியே. எனக்கு இது தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அன்று வரிசையில் இருந்த ஒயர்கூடை பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண்ணுடையது. புருஷனை ரிக்‌ஷாவில் கூட்டி வந்திருந்தார். அந்த ஆள் முழங்கால்களைப் பிடித்தபடி முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தார். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

ஒன்பது மணிக்குக் கதவு திறந்து முதல் ஐந்து பேர் உள்ளே போனதும் அந்தப் பெண் குமாஸ்தாவிடம் வந்தார்.

"நைனா, இவர மட்டும் உள்ள வுடு. மூச்சு வுட முடியாம கீறாரு."

"எல்லாரும் நோவோடதாம்மா வந்துகிறாங்க. ஒன் கூடை எங்க கீதோ அங்க நில்லு."

வரிசையின் முன்னால் இருந்த ஒரு கிழவர், "என் எடத்துல அவரு வரட்டும். நான் கல்லு மாரி குந்திக்கினு இருப்பேன்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள், குமாஸ்தாவும். புருஷனைத் தாங்கி முன்னால் கொண்டுவந்தார்கள். பெஞ்சு காலியாகவில்லை.

ஒன்பதரைக்கு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சார், காலைலேர்ந்து எழுதிக்கினே கீற. இவரப் பத்தி இன்னா எழுதின?"

இன்னும் எழுதவில்லை என்றேன். சீட்டு வந்தால்தான் எழுத முடியும்.

பத்து நிமிடம் கழித்து புருஷன் பக்கவாட்டில் சரிந்தார். குமாஸ்தா எழுந்து ஓடிவந்து பார்த்தார். திரும்பிப் போய், முத்திரை குத்தி, சீட்டை அந்தப் பெண்ணின் கையில் திணித்தார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், இடம் மாற்றி வைத்தார், பிறகு இமையை விலக்கிப் பார்த்தார். டாக்டர் எதுவும் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சீட்டில் முத்திரை ஒன்பது நாற்பத்திரண்டு. டாக்டர் பார்த்தது ஒன்பது நாற்பத்திநான்கு. காத்திருப்பு என்ற கட்டத்தில் இரண்டு நிமிடம் என்று எழுதினேன்.