மூன்றாவது காடிக்கு எந்த ஸ்பெக்?

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் வைத்திருப்பது ஒரே மாடல் காடிதான். காரை எங்கள் மலையில் காடி என்றுதான் சொல்வோம். பெயர் மட்டும்தான் ஒன்று. கம்பெனிக்காரன் சில வருஷத்துக்கு ஒரு தடவை அதை உருமாற்றிக்கொண்டே வந்தான். நாங்களும் விடாமல் அவன் பின்னாலேயே போனோம்.

முதலாவதை எங்கள் மலையிலேயே ரிங்லெட் ஊரில் ஒரு காய்கறி வியாபாரியிடம் பழையதாக வாங்கினோம். பெட்டிபோல் சதுரமாக இருக்கும். பின்கதவில் ஸ்பேர் டயர் தொங்கும். ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். அந்த மாடலிலேயே வசதி ஆகக் குறைந்த ரகம் அது. இங்கே 'லோ ஸ்பெக்' என்பார்கள். ஆனால் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பு இருந்தது. அதை இழுத்தால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கோலா தெர்லாவில் எங்கள் பூத்தோட்டத்துக்கு ஏறும் செம்மண் பாதை மழையில் களியாகிவிடும்போது அந்தக் குட்டிக் கம்புதான் எங்களுக்குக் குலசாமி.

இரண்டாவது வந்தபோது மாடலின் முகமே மாறியிருந்தது. மூலைகளெல்லாம் உருண்டு, ஸ்பேர் டயர் அடியில் ஒளிந்துகொண்டு, பின்னால் மூன்றாவது வரிசை இருக்கை முளைத்திருந்தது. நாங்கள் வாங்கியது நடு ஸ்பெக். என் கணவருக்கு அதில் ஒரு குறை. பழைய நாளில் தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டியவர் அவர். வண்டி விஷயத்தில் நடுவில் நிற்பது அவருக்குப் பிடிக்காது. ஈப்போவில் ஒரு உதிரிப் பாகக் கடைக்குப் போய், சன்ரூஃப் என்கிற கூரை ஜன்னலோடு வரும் ஆக உயர்ந்த ஸ்பெக்கின் பளபளப்பான எழுத்துகளை வாங்கிவந்து பின்கதவில் ஒட்டிக்கொண்டார்.

ஒரு நாள் பிரிஞ்சாங்கில் ஒரு காய்கறிக் கடை வாசலில் அதே மாடல் வைத்திருந்த ஒருவர் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு ஆசையாக வந்தார்.

"அண்ணே, உங்க சன்ரூஃப் மழைக்கு ஒழுகுதா? என்னுது ஒழுகுது."

"என்னுது ஒரு சொட்டு ஒழுகாது" என்றார் இவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அந்த ஆள் எட்டிப் பார்த்தார். "சன்ரூஃபே இல்லியேண்ணே?"

"அதான் ஒழுகல."

நான் முட்டைக்கோஸ் மூட்டைக்குப் பின்னால் நின்று சிரித்த சிரிப்பில் கடைக்காரப் பெண்மணிக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது.

மூன்றாவது காடி வாங்கும் பேச்சு வந்தபோது இருவரும் ஈப்போ ஷோரூமுக்குப் போனோம். காடிகளைக் காட்டி விற்பவள் நம்மினப் பெண்தான், படபடவென்று பேசினாள். புது மாடலில் நாலு ஸ்பெக். ஆகக் கீழே இருப்பதில் துணி இருக்கை, முன் சக்கரம் மட்டும் இழுக்கும். அடுத்ததில் பெரிய திரையும் கேமராவும் சேரும். மூன்றாவதில்தான் நாலு சக்கரமும் இழுக்கும். ஃபுல் ஸ்பெக்கில் அதோடு தோல் இருக்கை, காலை ஆட்டினால் தானே திறக்கும் பின்கதவு, முன்னிருந்து பின்வரை கூரை முழுக்கக் கண்ணாடி.

நான் மூன்றாவது போதும் என்றேன். அவர் ஃபுல் ஸ்பெக் என்றார்.

"கூரையில கண்ணாடி எதுக்குங்க? நம்ம ஊருல மேல என்ன இருக்கு, பனிதான?"

"பனியப் பார்க்கலாம்ல?"

இது தீராது என்று தெரிந்ததும், அக்காவிடம் விட்டுவிடலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். என் அக்கா இன்னும் தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்கிறாள். சின்ன வயதில் கொழுந்தெடுக்கப் போனவள், இப்போது பெண்களின் பிரிவுக்குக் கங்காணி. அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் என் கணவர் மறுத்துப் பேசமாட்டார், நானும்தான். அதோடு அவள் குடியிருக்கும், தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீடு ஒரு செங்குத்தான சரிவின் அடியில் இருக்கிறது. அங்கே இறங்கி ஏறாத காடி எங்களுக்கு உதவாது.

"ஓகே லா ஆண்ட்டி, ஃபுல் ஸ்பெக்க நானே மேல கொண்டாரேன். ஓட்டிப் பாருங்க" என்றாள் அந்தப் பெண்.

சொன்னபடி வந்தாள். இறங்கியதும் குளிரில் நடுங்கினாள். மெல்லிய சட்டையோடு வந்திருந்தாள். என் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டே எங்கள் பழைய காடியைச் சுற்றி வந்தவள் பின்கதவருகே நின்றுவிட்டாள்.

"அங்கிள், இது இந்த ஸ்பெக் இல்லியே?"

"காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிச்சும்மா" என்றார் இவர்.

அவரே ஓட்டினார். பிரிஞ்சாங் நெரிசலில் காடி தானாகவே முன்வண்டியைப் பார்த்து நின்று நகர்ந்தது. அவருக்கு முகமெல்லாம் பல். தோட்டத்துப் பாதைக்குள் நுழைந்ததும்தான் காடிக்கு ஊர் புரியாமல் போனது. பாதையில் கோடு இல்லை. இரண்டு பக்கமும் தேயிலைச் செடி உரசும் அகலம்தான். செடியைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ மனிதர் குறுக்கே வந்துவிட்டதுபோல் கீங் கீங் என்று கத்தியது. எதிரே கொழுந்து லோரி வந்தது. பின்னால் ஒதுங்க வேண்டியிருந்தபோது, திரையில் எங்கள் காடியையே உச்சியிலிருந்து பார்க்கும் படம் தெரிந்தது.

"மேலேர்ந்து யாரும்மா புடிக்கிறது?" என்று இவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார்.

கடைசிச் சரிவின் உச்சியில் அந்தப் பெண் ஒரு பொத்தானை அமுக்கினாள். "இப்ப காடி தானா மெல்ல இறங்கும் அங்கிள். பிரேக்லருந்து கால எடுங்க."

"எடுத்துட்டேன்மா."

"இல்ல அங்கிள், இன்னும் பிரேக்லதான் இருக்கு."

"அது என் காலு இல்ல, பழக்கம்."

கடைசியில் இரண்டு காலையும் மடக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி முருகனைக் கூப்பிட்டார். ஸ்டியரிங்கை மட்டும் விடவில்லை. கண்ணைத் திறக்கச் சொல்லி நாங்கள் இருவரும் கத்தினோம். காடி அலட்டிக்கொள்ளாமல், பூனை படியிறங்குவதுபோல் இறங்கிப்போய் லைன் முன்னால் நின்றது.

வேலை முடிந்து கீழ்த்தோட்டத்திலிருந்து அக்காவும் அவளுடன் இரண்டு பெண்களும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அக்கா காடியை ஒரு சுற்று சுற்றினாள், கூடையில் முற்றின இலை தேடுகிறவள்போல. கதவைத் திறந்தாள். உள்ளே பால் நிறத்தில் தோல் இருக்கை. தன் காலைப் பார்த்தாள். பூட்ஸில் முழங்கால் வரை சேறு.

"இதுல எந்த மகாராணி உக்காருவா?" என்றாள்.

விற்பனைப் பெண்ணின் முகம் வெளிறியது. "பரவால்ல, ஏறுங்க ஆண்ட்டி" என்று சொன்னாலும் குரல் இறங்கிவிட்டது. அக்கா பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்தாள். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். கோயில் வாசல்போல் பூட்ஸ் வரிசையாக நின்றது. இதற்குள் லைன் நாய் ஒன்று பின்பக்கம் அடியில் நுழைந்து வாலை ஆட்ட, பின்கதவு தானே திறந்துகொண்டது. விரட்டினால் மூடிக்கொண்டது. நாய்க்கு அது பிடித்துப்போய்விட்டது. மறுபடி மறுபடி நுழைந்தது.

"நாய்க்குக்கூட கதவு தொறக்குது. நல்ல மரியாதைதான்" என்றாள் அக்கா. அப்போதே ஃபுல் ஸ்பெக் தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. மெல்லத் தூறி வரும் மழையல்ல. மேட்டிலிருந்து வாளியால் ஊற்றுகிற எங்கள் சாயங்கால மழை. எல்லோரும் உள்ளே ஏறிக் கதவை மூடிக்கொண்டோம். அந்தப் பெண் ஒரு பொத்தானைத் தொட்டாள். தலைக்குமேல் கண்ணாடியை மூடியிருந்த துணித்திரை சரசரவென்று பின்னால் சுருண்டது.

கண்ணாடி முழுக்க மழை. துளிகள் நேராக எங்கள் முகத்தை நோக்கி வந்து, ஒரு சாண் மேலே உடைந்து, நட்சத்திரமாகச் சிதறி ஓடின. அக்கா கழுத்தைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தன வருஷமா மழை என் முதுகுலதான் விழுந்திருக்கு" என்றாள். "விழறத இப்பதான்டி பார்க்கிறேன்."

பக்கத்தில் இருந்த பெண் கண்ணாடியை உள்ளிருந்தே விரலால் தொட்டு, "நனையவே இல்லக்கா" என்று சிரித்தாள். பிறகு மூவரும் சிறுபிள்ளைகள்போல் எந்தத் துளி முதலில் ஓரத்துக்கு ஓடுகிறது என்று பந்தயம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் அக்காவை அப்படிப் பார்த்தது இல்லை. மழை வந்தால் பிளாஸ்டிக் படங்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நடக்கிற அக்காவைத்தான் எனக்குத் தெரியும்.

"இந்தக் கண்ணாடி எந்த ஸ்பெக்ல வருதும்மா?" என்றாள் அக்கா.

"ஃபுல் ஸ்பெக்ல மட்டும்தான் ஆண்ட்டி."

அக்கா என்னைப் பார்க்கவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் வாயே திறக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் அவர் செய்த ஆகப் புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

"இதுல கறுப்பு சீட்டு கிடைக்குமா?" என்று நான் கேட்டேன்.

"கிடைக்கும் ஆண்ட்டி!" என்று அந்தப் பெண் கத்திய கத்தலில் நாய் குரைத்தது.

மழை விட்டதும் கதவைத் திறந்தோம். பூட்ஸ் எல்லாம் வாய்வரை நிறைந்து நின்றன. மூன்று பெண்களும் ஆளுக்கொன்றாகக் கவிழ்த்து ஊற்றிக்கொண்டே, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். விற்பனைப் பெண்ணை அக்கா விடவில்லை. வீட்டுக்குள் அழைத்துப்போய்ச் சுடச்சுடத் தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினாள். அந்தப் பெண் என் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டே போய்விட்டாள்.

புதுக் காடி வந்து முதல் லீவு நாளில் அக்காவை லூமுட் கடற்கரைக்கு அழைத்துப்போனோம். மலை இறங்கிச் சிம்பாங் பூலாய் தாண்டியதும் கீழ்நாட்டு வெயில் கூரை வழியே கொதித்து இறங்கியது. ஏசி திணறியது.

"மூடிடலாம்கா, வேகுது" என்றார் என் கணவர்.

"மூடாதீங்க மாப்பிள" என்றாள் அக்கா. துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வியர்வை வழிய அண்ணாந்தே உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பருந்து ரொம்ப நேரமா நம்ம கூடவே வருது. கொஞ்சம் மெல்லப் போங்க."

அவர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனான்.