தென்னையில் காய்த்த பேரீச்சம்பழம்

பாலைவனத்துக்கு நான் பஸ்ஸில் போனேன்.

பெப்ரவரி மாதம். முழங்கால் அளவு பனி. மூச்சு விட்டால் மீசை வெள்ளையாகிற குளிர். மொன்றியலின் மேற்கே புவாண்ட்-கிளேரில், நெடுஞ்சாலை ஓரமாக, தளபாடக் கடையொன்று காலிசெய்துவிட்டுப் போன பெரிய கிட்டங்கி கிடந்தது. அதற்குள் லொறி லொறியாகக் கட்டட மணலைக் கொட்டிப் பாலைவனம் செய்திருந்தார்கள். மணலில் பிளாஸ்டிக் மரங்கள். மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு பாதை. பாதையில் ஓட, மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி வைத்த நாலு சில்லு வண்டிகள். வாசலில் பதாகை: பேரீச்சந் தோப்புகளின் ஊடே, வழிகாட்டியுடன், பாலைவனச் சவாரி.

அந்த வழிகாட்டி நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இன்று எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கால் தேய்ந்துவிட்டது, பல் தேய்ந்துவிட்டது, இந்தக் கோபம் மட்டும் தேயவில்லை. எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவது அதுதான்.

பனியில் அலுத்த சனத்துக்கு மொரோக்கோ, துனிசியா என்று வெயிலை விற்கும் பயண நிறுவனம் ஒன்றும், இந்த நாலு சில்லு வண்டிகளை விற்கும் கடையொன்றும் சேர்ந்து நடத்திய வார இறுதிக் கண்காட்சி. ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு ஒன்றில் பயணச்சீட்டு வாங்கவேண்டும், அல்லது வண்டி வாங்கவேண்டும். வண்டி வரிசையின் முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர். செய்தியைக் கொண்டுவந்தவர் பார்க்-எக்ஸ்டென்ஷனில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தவர். வயதில் மூத்தவர், யாழ்ப்பாணத்தார், எல்லாருக்கும் அண்ணை.

"தம்பி, சனியும் ஞாயிறும் வேலை. மணலிலை வண்டி ஓட்டிறது."

"இந்தப் பனியுக்கையோ?"

"பாலைவனம் உள்ளுக்கை, பனி வெளியிலை. கனடாவிலை எல்லாம் ஒழுங்காத்தான் வைச்சிருக்கிறாங்கள்."

நான் ஒத்துக்கொண்டது வண்டிக்காக அல்ல. அந்த நிறுவனத்தில் பயணச்சீட்டு விற்கும் கவுண்டரில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, சூடேற்றிய அறை. அப்போது நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு கடையின் பின்கட்டில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். குளிரில் விரல் நுனி வெடித்து, வெடிப்புக்குள் வெங்காயச் சாறு இறங்கும். அந்தக் கையோடு இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தேன். மேசை ஆண்பாலா பெண்பாலா, கதிரை ஆண்பாலா பெண்பாலா என்று மெட்ரோவில் நின்றுகொண்டே முணுமுணுத்தேன். கண்காட்சியை நடத்திய நிர்வாகி தொலைபேசியில் என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, "நன்றாகப் பேசுகிறாய். ஞாயிறு மாலை முதலாளி வருவார், உன்னை அவரிடம் காட்டுகிறேன்" என்றாள். எனக்கு அது போதும். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மினுக்கி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன்.

அவள் அந்தச் சட்டையைப் பார்த்தாள். பிறகு அதற்கு மேலே ஓர் அங்கியைப் போட்டாள்.

தவிட்டு நிற அங்கி. தலையில் சுற்ற நீலத்துணி. அண்ணைக்கும் அதே. தலையைச் சுற்றி முடித்ததும் அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

"ஒரே ஒரு விதி. ஒரு சொல்கூடப் பிரெஞ்சு பேசாதே. ஆங்கிலமும் வேண்டாம். உன் மொழியில் பேசு. இல்லாவிட்டால் கனவு கலைந்துவிடும்."

"என் மொழி அரபு அல்ல, மதாம்."

"அதனால் என்ன? உன்னைப் பார்த்தாலே போதும்."

பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். அவள் முதல் நிமிடத்திலிருந்தே எனக்குத் தூ போட்டாள். நான் அவளுக்கு வூ போட்டேன்.

இரண்டு குளிர்காலம்! வெடித்த விரல்களால் வினைச்சொற்களை எண்ணிப் படித்தவனுக்கு இந்த நகரம் கொடுத்த முதல் பிரெஞ்சு வேலை, பிரெஞ்சு பேசாமல் இருக்கிற வேலை. முன்னர் ஒரு மொரோக்கோக்காரர் இந்த வேலைக்கு வந்தாராம். அண்ணைதான் சொன்னார். "அந்தாளை வேண்டாமெண்டிட்டினம். மனுசனுக்குப் பிரெஞ்சு தண்ணி மாதிரியாம். கறுப்பும் காணாதாம்." பாலைவனத்தைப் பார்த்தவன் பாலைவனத்துக்கு உதவமாட்டான். அதைக் காணாத இரண்டு யாழ்ப்பாணத்தார், கறுப்பாக இருந்த காரணத்தால், சகாராவின் பிள்ளைகளானோம்.

அண்ணை தலையைப் பின்னால் சரித்து மரங்களைப் பார்த்தார். வளைந்த தண்டு, வளையம் வளையமாகத் தழும்பு. அதன் கழுத்தில் கம்பியால் கட்டிய செம்பழுப்புப் பழக்குலை.

"தம்பி, உது தென்னையெல்லோ?"

"ஓம் அண்ணை."

"தென்னையிலை பேரீச்சம்பழம். நல்லாத்தான் முன்னேறிட்டாங்கள்."

சவாரி தொடங்கியது. வண்டியை ஓட்டுவது எளிது: வலது பெருவிரலால் ஒரு சிறு பிடியை அழுத்தினால் ஓடும், மற்ற விரல்களால் பிறேக்கை இறுக்கினால் நிற்கும். புகை போகவேண்டும் என்று கிட்டங்கியின் பெரிய கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். பாலைவனத்துக்குள் பனித்துகள் வந்து விழுந்தது. சனங்கள் குளிர்ச்சப்பாத்தோடு வந்து மணலை மிதித்தார்கள். சப்பாத்துப் பனி உருகி, மதியத்துக்குள் சகாரா கூழாகிவிட்டது. அந்தக் கூழுக்குள் நான் முன்னால் ஓட, ஆறேழு வண்டிகள் நடுவே உறும, அண்ணை கடைசியில் வர, தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

என் மொழியில் பேசு என்றாளே, பேசினோம், வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி.

"அண்ணை, நடுவிலை வாற தொப்பிக்காரன் தூங்கிறான்."

"தூங்கட்டும். காசு குடுத்துத்தானே தூங்கிறான். உன்ரை பின்னாலை வாறவள் உன்னைத்தான் பாக்கிறாள், நிமிந்து இரு. கவுண்டர் ஐயா!"

"பகிடி விடாதேங்கோ."

"ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்து, உந்த அங்கியோடையே உன்னைக் கதிரையிலை இருத்தப்போறான். பாரன்."

சனம் மெய்மறந்து கேட்டது. ஒருவர் எங்கள் பேச்சை ஒலிநாடாவில் பிடித்துக்கொண்டார். பாலைவனத்தின் பழைய ஞானமோ என்னவோ என்று வீட்டில் போட்டுக் கேட்டிருப்பார்.

ஞாயிறு காலை ஓர் அம்மா சேலைக்கு மேல் குளிர் அங்கி போட்டுக்கொண்டு கணவரோடு வந்தார். கணவர் மருத்துவராம், சென்னைப்பக்கம். தமிழ் விளங்கும் ஆட்கள். வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். அண்ணை மூடவில்லை. சுற்று முடியும் வரை அந்த அம்மாவின் வண்டி ஓட்டத்தைக் கரித்துக் கொட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போது நான் தாங்கமாட்டாமல் மெல்லச் சொன்னேன்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, அவர் பகிடிக்குத்தான் சொன்னவர்."

அந்த அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஐயையோ, நீங்க தமிழா? சிலோனா? நான் அரபின்னு இல்ல நெனச்சேன்! என்னங்க, இவங்க தமிழாம்! அப்பப்போ நம்ம பாஷை மாதிரியே கேக்குதேன்னு பாத்தேன். ரொம்ப ஸ்வீட்டா இருந்துது."

சிரித்தார். நானும் சிரித்தேன். வெள்ளைக்காரிக்கு என் மொழி கேட்கவில்லை, சரி. தமிழ்க் காதுக்கும் கேட்கவில்லை. ஒரு முழத் துணியைத் தலையில் சுற்றியதும் மொழியே வேறாகிவிட்டது.

பிற்பகல். முதலாளி வரும் நேரம் நெருங்கியது. அங்கிக்குள் கழுத்துப்பட்டியைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்தேன். அந்தச் சுற்றில் எனக்கு அடுத்த வண்டியில் ஒரு நடுவயது மாது, அதற்கு அடுத்ததில் அவளுடைய தோழி. புறப்பட முன் தலைக்கவசத்தைப் பூட்டிக்கொண்டே தோழியிடம் பிரெஞ்சில் சொன்னாள், என் முகத்துக்கு நேரே, ஏதோ மரத்தைப் பற்றிச் சொல்வதுபோல:

"பார், எவ்வளவு நல்ல கண்கள். இவனைப் போல ஒருத்தன் போன மாதம் எங்கள் கட்டடத்தில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தான். பாவம். வீடு போய்விட்டது என்று சொல்லி அனுப்பினேன்."

நான் வண்டியைக் கிளப்பினேன். தூ, வூ, ஆண்பால், பெண்பால், எல்லாம் நாக்கு நுனியில் நின்று துடித்தன. கவுண்டர், கவுண்டர், கவுண்டர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசி வளைவில் பாதைக்கு வெளியே ஒரு கயிறு. கயிற்றுக்கு அப்பால் ஒட்டுப்பலகை ஒட்டகம் ஒன்று, அதோடு படம் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வளைவில் திரும்பிப் பார்த்தேன். அந்த மாது திரும்பவில்லை. நேரே போகிறாள். உற்சாகத்தில் கைப்பிடியை இறுக்கியதில் பெருவிரலும் சேர்ந்து அழுத்த, வண்டி பாய்ந்தது.

"பிறேக்! பிறேக்கைப் பிடி!" என்று கத்தினேன். பிறேக் என்பது ஆங்கிலம்தானே, விளங்கியிருக்க வேண்டும். ஆனால் நீலத் தலைப்பாகையின் வாயிலிருந்து வந்தால் அதுவும் அரபு. அவள் சிரித்து, ஒரு கையை எடுத்து எனக்கு ஆட்டினாள்.

கையை ஆட்டினாள்!

"ஃப்ரெனே, மதாம்! ஃப்ரெனே! விரல்களை இறுக்குங்கள், பெருவிரலை எடுங்கள்!" வகுப்பில் படித்த அத்தனை சுத்தமான பிரெஞ்சில், பிறேக்கைப் பிடியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது மரியாதைப் பன்மைதான். நீங்கள், உங்கள், எடுங்கள்.

வண்டி கயிற்றை அறுத்து, ஒட்டகத்தின் காலை இடித்து நின்றது. ஒட்டகம் முகங்குப்புற விழுந்தது. பிள்ளைகள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். முகம் சிவந்துகொண்டு வந்தது.

"உனக்குப் பிரெஞ்சு தெரியும்," என்றாள். "இவ்வளவு நேரமும் தெரியும்! நாங்கள் பேசியதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்!"

ஏமாற்று, பொய், போலி என்று நிர்வாகியிடம் போய்க் கத்தினாள். நிர்வாகி என்னை ஒட்டுப்பலகை மணல்மேட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"உங்களிடம் ஒரே ஒரு விதிதான் சொன்னேன்," என்றாள். வூ! வேலையைப் பறிக்கும்போதுதான் மரியாதை வந்தது.

"பிள்ளைகள் நின்றார்கள், மதாம்."

"உங்கள் மொழியிலேயே கத்தியிருக்கலாம்."

"கத்தினேன். அவள் கையை ஆட்டினாள்."

"அப்படியானால் சைகை காட்டியிருக்கலாம். முதலாளியிடம் இனி நான் என்ன சொல்ல? கவுண்டருக்கு நம்பிக்கை முக்கியம். அவரை நீங்கள் பார்க்கவேண்டியதில்லை. கடைசிக் குழு ஏறி உட்கார்ந்துவிட்டது, அதை முடித்துவிட்டுப் போங்கள்."

அண்ணை வண்டியில் இருந்தபடி எட்டிப் பார்த்தார். "என்னவாம்?"

"கவுண்டர் போச்சாம்."

அவர் பகிடி விடவில்லை. அந்த இரண்டு நாளில் அது ஒரு தடவைதான்.

நான் தலைத்துணியை அவிழ்த்தேன். அங்கியைக் கழற்றி விழுந்து கிடந்த ஒட்டகத்தின் மேல் போட்டேன். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக முன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பின்னால் திரும்பி, வாயைத் திறந்தேன். பிரெஞ்சில்.

"பெரியோர்களே, வணக்கம். உங்கள் இடப்பக்கம் தெரிவது பிளாஸ்டிக். வலப்பக்கம் தெரிவதும் பிளாஸ்டிக். மரம் தென்னை, பழம் பேரீச்சை. இருவரும் எங்கே சந்தித்துக் கலியாணம் கட்டினார்கள் என்று நிறுவனத்தைக் கேளுங்கள். இந்த மணல் யாரோ வீடு கட்டவேண்டிய மணல். பின்னால் தலைப்பாகையோடு வரும் பெரியவரும் நானும் பாலைவனத்தை உங்களைப் போலவே படத்தில்தான் கண்டிருக்கிறோம். இருவரும் பார்க்-எக்ஸ்டென்ஷன்வாசிகள். ஆமாம், உங்களுக்குப் பக்கத்துத் தெருதான். வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், வீடு போய்விட்டது என்று சொல்வீர்களே, அந்த ஆட்கள்."

அதற்குத்தான் பெரிதாகச் சிரித்தார்கள்.

நான் விடவில்லை. வளைவுக்கு வளைவு கொட்டினேன். என்னிடம் இருந்த நஞ்சு எல்லாவற்றையும் இலக்கணப் பிழையில்லாமல் கொட்டினேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுற்று முடிந்ததும் கையுறையோடு கைதட்டினார்கள், பொத்துப் பொத்தென்று. ஒருவர் என் தோளில் தட்டி, இத்தனை நாளில் பார்த்த ஆகச் சிறந்த நடிகன் நீ என்றார். என் கோபத்தை அவர்கள் நுழைவுச்சீட்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

நிர்வாகி ஓடி வந்தாள். கண்கள் மின்னின.

"அருமை! முதலாளி பார்த்தார், அவருக்கும் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் பக்கத்து ஊர் லவாலில் இதே கண்காட்சி. நீ வந்து இதையே செய். ஆனால் அங்கியோடு!"

தூ திரும்பி வந்துவிட்டது.

"கவுண்டர்?"

"கவுண்டரைப் பிறகு பார்க்கலாம். முதலில் இது."

"ஏலாது," என்றேன்.

"அது என்ன? என்ன அழகான சொல்! அர்த்தம் என்ன?"

அண்ணைதான் சொன்னார். கடைக்காரிக்குப் பொன்ஜூர், மெர்சி என்பதற்கு மேல் இந்த ஊரின் மொழியை வாயில் வைக்காத மனுசன் வண்டியிலிருந்து ஆறுதலாக இறங்கி, அங்கியைத் தட்டிவிட்டு, அவளை நேரே பார்த்து, "நோன், மதாம்" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் காற்று அறுத்தது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அண்ணை குளிர் மேலங்கிக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டார்.

"நாளைக்குத் திரும்ப வெங்காயமோ?"

"ஓம்."

"நீ நல்லாத்தான் கதைச்சாய் தம்பி. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா உன்ரை முகம் விளங்கினது. உவங்கள் ஏன் சிரிச்சவங்கள்?"

இன்றும் இருந்தாற்போல இரவில் எழும்பி உட்கார்ந்து, அந்தச் சிரிப்பு அடங்கும்படியான ஒரு வசனத்தைத் தேடுகிறேன். எந்தச் சொல்லை எங்கே வைத்திருந்தால் அவர்கள் வாய் மூடியிருக்கும்?

பஸ் வந்தது. சாரதி நல்ல மனுசன், குளிரில் நின்றவர்களைப் பார்த்து, "பொன்ஜூர், மெசியே" என்றார். அண்ணை "பொன்ஜூர்" என்றார்.

நான் பயணக்காசைப் பெட்டிக்குள் போட்டேன். சாரதிக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை. ஆனால் அந்த மொழியில் இன்னுமொரு சொல்லை, அன்றைக்கு, யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பின் இருக்கையில் போய் உட்கார்ந்து, வீடு வரும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.