நாளுக்கு ஒரு டம்ளர்

அந்தப் பட்டறைக்கு வருகிறவன் வண்டியை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. கொஞ்சம் மானத்தையும் சேர்த்து விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். மெக்கானிக்குக்குக் ‘கடுகு’ என்று பேர் வைத்தது யாரோ ஒரு வாடிக்கைக்காரன். ஆள் குள்ளம், சூடு பட்டால் பொரிவார். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவன் அவருக்கு முட்டாள். எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலண்டை ஊற்றிவிட்டு அப்புறம் அளவே பார்க்காதவன் சோம்பேறி. அளவு குறைந்தது என்று கேட்டதுமே கேஸ்கெட் போச்சு என்று எஞ்சினைப் பிரித்துப் போடுகிற மற்ற மெக்கானிக்குகளை அவர் மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முப்பது வருஷமாக டீசல் வண்டிகளின் வயிற்றுக்குள் கை விட்டவர். சொன்ன கோளாறு தப்பியதில்லை. அந்த ஆளைக் கெடுத்ததே அதுதான்.

அவர் தங்கச்சி புருஷன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். மனுஷன் கையில் இருந்ததை எல்லாம் போட்டு, வாடகைக்கு ஓட்டலாம் என்று ஒரு பழைய டீசல் கார் வாங்கினார். வாங்கும்போது மச்சானைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தெருவுக்கே தெரியும், கடுகுக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்து வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, பத்தரை மணியிலிருந்து காத்திருந்தார். கடுகு வெளியே வரும்போது பகல் ஒரு மணி.

“மச்சான், கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. இந்த ஒரு வாரத்துல நாலு விரக்கடை. கீழ ஒரு சொட்டுகூட இல்ல.”

“வாங்கும்போது என்னைக் கேட்டீங்களா மாப்ளே?”

“நீங்க வேலையா இருப்பீங்கன்னு...”

“ஆமா, நான் வேலையா இருப்பேன். நீங்க சீட் கவரைப் பார்த்து வண்டி வாங்குவீங்க. அப்புறம் குறை கண்டுபிடிக்க மட்டும் நான் வேணும். எழுத்து கோத்த கண்ணு இப்ப டேங்க்ல அளவு பார்க்குதாக்கும்!”

பேச்சில் ‘ங்க’ போட்டுவிட்டால் போதும், மற்றபடி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது கடுகின் கொள்கை.

விற்ற தரகர் பதினைந்து நாள் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் எஞ்சினில் குறை என்று காட்டினால் பணத்தைக் கொடுத்து வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார். கெடு தாண்டினால் குறை வாங்கியவன் தலையில். மாப்பிள்ளை இதைச் சொன்னபோது கடுகு கொட்டாவி விட்டார்.

சோதனை பத்து நிமிஷத்தில் முடிந்தது. கூலண்ட் டேங்க்கின் வாயில் பம்பை மாட்டிக் காற்று அடித்தார். எங்கேயாவது ஒழுகினால் பம்பில் இருக்கிற ஊசி இறங்கும். காலையிலிருந்து நின்று ஆறிப்போன வண்டி, ஊசி அசையவில்லை. எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்தால் மோர் மாதிரி வெளுக்கும். வெளுக்கவில்லை. ஹோஸ் எல்லாம் காய்ந்து கிடந்தது.

“தரகன் விளிம்பு வரைக்கும் ஊத்திக் குடுத்திருக்கான். சூடானதும் மிச்சம் பிதுங்கி வெளிய போயிருக்கு. வண்டியில ஒண்ணும் இல்ல மாப்ளே, கோளாறு வேற எடத்துல.” தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

பழையதை இறக்கிவிட்டுப் புதுசாகச் சிவப்புக் கூலண்ட் ஊற்றி, டேங்க்கின் மேல் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டார். “இதுக்குக் கீழ இறங்கினா வாங்க. இறங்கலைன்னா வாயை மூடிக்கிட்டு வண்டி ஓட்டுங்க.”

ஒரு வாரம் கோடு இம்மிகூட இறங்கவில்லை. கடுகுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். டீக்கடையில் சொன்னார், உதிரி பாகக் கடையில் சொன்னார், அதுவும் போதாமல் தரகருக்கே போன் போட்டார். “வண்டி தங்கம்யா. எங்க மாப்பிள்ளைக்குத்தான் மண்டையில ஒழுக்கு.”

பதினைந்தாவது நாள் காலையில் ஆயில் மாற்ற வண்டி வந்தது. பானெட்டைத் தூக்கிய கடுகு டேங்க்கைப் பார்த்தார். கோட்டில்தான் நின்றது. ஆனால் அவர் ஊற்றிய ரத்தச் சிவப்பு இல்லை, சாயத்துணி அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்தார்.

“தண்ணி ஊத்துனீங்களா?”

“சத்தியமா இல்ல மச்சான். நீங்க சொன்னப்புறம் நான் பானெட்டையே தொறக்கல.”

கடுகு தங்கச்சிக்குப் போன் போட்டார். “மாப்பிள்ளை வண்டியில தண்ணி ஊத்துனது யாரு?” என்று கேட்டார்.

“காலையில அவரு குளிக்கப் போறப்ப ஒரு டம்ளர் ஊத்துவேண்ணே. உன் கோடு வரைக்கும்.”

“அறிவிருக்கா உனக்கு? யாரு ஊத்தச் சொன்னது?”

“கோடு இறங்கினா அவரு உங்கிட்டதான் வரணும். நீ நாலு பேரு முன்னாடி நிக்க வெச்சுக் கிழிப்பே. போன தடவை வந்துட்டு ராத்திரி சாப்பிடலைண்ணே அவரு. இறங்காம இருந்தா நீ பேசாம இருப்பேன்னு பார்த்தேன். எனக்கென்னண்ணே தெரியும், தண்ணிதானே...”

பட்டறையில் எல்லார் காதிலும் விழுந்தது. கடுகின் போனில் எப்போதும் ஸ்பீக்கர்தான், அடுத்தவனைத் திட்டுவது ஊருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக.

நாளுக்கு ஒரு டம்ளர். தரையில் சொட்டு இல்லை, ஆயிலில் கலப்பு இல்லை. அப்படியானால் போவதற்கு ஒரே வழிதான். டீசல் எஞ்சின் தான் விட்ட புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்குமுன் அந்தப் புகையை ஆற வைக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதற்குள் புகைக்கு ஒரு வழி, கூலண்டுக்கு ஒரு வழி. நடுத் தகடு விரிசல் விட்டால் கூலண்ட் ஆவியாகி, புகையோடு புகையாகச் சைலன்சர் வழியே போய்விடும். அதிலும் சில விரிசல் சூட்டில் விரிந்தால்தான் வாய் திறக்கும். ஆறிய வண்டியில் நாள் முழுக்கக் காற்று அடித்தாலும் ஊசி அசையாது. தொழிலுக்கு வந்த முதல் வருஷமே தெரிந்துகொள்ளவேண்டிய சங்கதி. கடுகுக்கும் தெரியும். மாப்பிள்ளை சொன்னதை மதித்திருந்தால் அன்றைக்கே ஞாபகம் வந்திருக்கும்.

வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்து மறுபடி பம்பை மாட்டினார். ஊசி மெதுவாகச் சரிந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மத்தியானத்துக்கு மேல் பெட்டிக் குழாயைக் கழற்றினார். காய்ந்த கரியாக உதிரவேண்டிய புகைக்கரி, சேறு மாதிரி விரலில் ஒட்டியது.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலரை. தரகர் ஆறு மணிக்குக் கடையைப் பூட்டுவார்.

தரகரின் அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரெல்லாம் சாவிகள். கடுகு சேறு பிடித்த குழாயை மேஜைமேல் வைத்து விளக்கினார். தரகர் அதைத் தொடாமல் சிரித்தார்.

“என்ன மெக்கானிக்கே, அன்னிக்குப் போன்ல வண்டி தங்கம்னீங்க. ஒழுக்கு மாப்பிள்ளை மண்டையிலன்னீங்க. இன்னிக்குக் கெடு முடியற நேரத்துல வண்டி தகரமாயிடுச்சா? எந்தப் பேச்சை நான் நம்பறது?”

“இப்ப சொல்றதை நம்புங்க.”

“அப்ப அன்னிக்குச் சொன்னது?”

கடுகு சுவரில் தொங்கிய சாவிகளைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். வண்டி திரும்பாவிட்டால் அந்த வீட்டில் நாளைக்கு உலை வைக்க வழியில்லை.

“அன்னிக்கு நான் சரியாப் பார்க்கல.”

“எழுதிக் குடுங்க. நாளைக்கு வேற ஒருத்தன் உங்க பேச்சை எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்தா நான் காட்டணுமில்ல?”

ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதியது: ஆறிய வண்டியில் பார்த்தேன், சூடாக்கிப் பார்க்கவில்லை, தவறு என்னுடையது. கையெழுத்து. தரகர் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார், ரசித்துப் படித்தார். படித்து முடித்துத்தான் மாப்பிள்ளை கையிலிருந்த வண்டிச் சாவிக்குக் கை நீட்டினார்.

இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். கடுகுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“அடுத்த வண்டிக்காவது என்னைக் கூட்டிட்டுப் போங்க மாப்ளே.”

“வேணாம் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி. “நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”