விசில்காரர் அணைத்த விளக்குகள்

சோப்புத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவருக்குத் தெருவெல்லாம் வைத்த பெயர் விசில்காரர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் பென்ஷன் ஆபீசில் மட்டும்தான் இருக்கிறார்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும் கழுத்தில் தொங்கும் விசிலை அவர் ஒரு ஊது ஊதினால் போதும். பெல்ட் நிற்கும், மிஷின் நிற்கும், பேசிக்கொண்டிருந்த வாய்கூடப் பாதியில் நிற்கும். அப்படி அதிகாரம் பண்ணிப் பழகிய மனுஷனின் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தால் அவர் என்ன செய்வார் பாவம்? வீட்டில் நிறுத்துவதற்கு மனைவியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அந்த அம்மாளை நிறுத்துகிற விசிலை இன்னும் எவனும் தயாரிக்கவில்லை.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. மோட்டார் வைத்த தையல் மிஷின் ஒன்று, துணி வெட்டும் நீள மேஜை, ஆள் உயரக் கண்ணாடி, வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்சு. கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா, வாயில் குண்டூசி. குண்டூசி வாயில் இருக்கும்போது மட்டும்தான் பேச மாட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் விசில்காரர் தன் அபிப்பிராயங்களைச் சொல்லி முடிப்பார்.

வெளியூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக இறக்கினான். வீட்டிலுள்ள சுவிட்சையெல்லாம் கழற்றிப் புதுசு மாட்டினான். பிளக்கை மாற்றினான். வாசல் கதவுக்குச் சாவியில்லாமல் விரல் வைத்தால் திறக்கிற பூட்டைப் போட்டான். முன்னறை அலமாரியில் பேசும் உருண்டைப் பெட்டி ஒன்றை உட்கார வைத்தான். இது அத்தனையையும் போனில் ஒரு செயலிக்குள் அடைத்து, அப்பா போனிலும் அம்மா போனிலும் ஏற்றிக் கொடுத்தான்.

"எனக்கு எதுக்குடா இது? கை எட்டற தூரத்துலதானே சுவிட்ச் இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் காலர் வெட்டப் போய்விட்டாள்.

விசில்காரரோ போனைக் கையில் வாங்கியபோது, தொலைந்துபோன விசில் திரும்பக் கிடைத்தது போல் மலர்ந்துபோனார். மகன் ஊருக்குப் போன கையோடு வீட்டை ஷிப்டுக்குக் கொண்டுவந்தார். சலவை மிஷின் இந்த நேரம், மோட்டார் இந்த நேரம், கூடத்து விளக்கு இந்த நேரம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் முன்னறைக்குச் சாப்பாட்டு இடைவேளை விடுகிற வரைக்கும்.

ஆமாம், இடைவேளை. நண்பகல் வந்ததும் விளக்கு, மின்விசிறி, தையல் மிஷின் பிளக் எல்லாம் தானாக அணையும்படி வைத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான், வேலை வேலையென்று அவள் சாப்பிடாமல் கிடக்கிறாளே என்ற கரிசனம். ஆனால் அன்றைக்குப் பார்த்து அவள் ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்புக்குக் கழுத்து தைத்துக்கொண்டிருந்தாள். பெண்ணும் பெண்ணின் அம்மாவும் பெஞ்சில் காத்திருந்தார்கள். பாதிக் கழுத்தில் ஊசி இறங்கிய இடத்திலேயே மிஷின் நின்றது. அவள் வெடுக்கென்று இழுத்ததில் பட்டுத் துணி கிழிந்தது.

"இது என்ன உங்க பாக்டரியா?" என்று அவள் போட்ட சத்தத்தில் பெண்ணின் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "நீங்க ஒண்ணும் செய்யாம சும்மா இருந்தாலே எனக்குப் புண்ணியமாப் போகும்!"

"அப்போ நான் இல்லாமலே இந்த வீடு ஓடும்னு சொல்றியா?"

"ஜோரா ஓடும்!"

அவ்வளவுதான். விசில்காரர் இரண்டு சட்டையையும் பல் துலக்கும் பிரஷையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் தங்கை வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

தங்கையும் அவள் கணவனும் வேலைக்குப் போகிறவர்கள். பகலெல்லாம் வீடு காலி. சாயங்காலம் வேலை விட்டு வந்து, வாசலில் அண்ணன் பையும் கையுமாக நிற்பதைப் பார்த்ததும் தங்கைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உன் அண்ணியா வந்து கூப்பிடற வரைக்கும் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்," என்றார்.

"அண்ணி கூப்பிடலேன்னா, அண்ணே?"

"கூப்பிடுவா. கூப்பிட வைக்கிறேன் பாரு." போனைத் தட்டிக் காட்டினார். "வீடே கோளாறு பண்ணும். கோளாறு பாக்க ஆள் வேணுமில்ல? என்னை விட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

வீட்டை விட்டு வந்துவிட்டார்; செயலியை விடவில்லையே! தங்கை வீட்டு சோபாவில் சாய்ந்தபடி கூடத்து விளக்கை அணைத்தார். திரையில் மஞ்சள் பல்பு கறுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பல்பு மறுபடி மஞ்சளானது. அவள் எழுந்து வந்து சுவரில் சுவிட்சைப் போட்டிருக்கிறாள்! விசில்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தார். மறுபடி அணைத்தார். மறுபடி எரிந்தது. பிறகு மின்விசிறி. பிறகு பாதித் துவையலில் சலவை மிஷின். தையல் மிஷின் பிளக்கை மட்டும் தொடவில்லை. கிழிந்த பட்டு இன்னும் கண்ணுக்குள் நின்றது, பயம்.

போன் அடிக்கும்போதெல்லாம் துள்ளி எடுத்தார். "சார், கடன் வேணுமா?" என்று யாரோ ஒரு பெண் தேனாகக் கேட்பாள்.

"எனக்கு வேற போன் வரணும், வையம்மா!" என்று எரிந்து விழுவார்.

நாள் போகப் போக ஒரு வேடிக்கை நடந்தது. குறும்புக்கென்று எடுத்த போன் அவருக்குச் செய்தித்தாளாகிவிட்டது. வாசல் கதவு திறந்தால் செயலி சொல்லும். ஓகோ, பொத்தான் வாங்கக் கிளம்பிவிட்டாள். பிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் இருந்தால் சொல்லும். அவசரத்தில் காலால் தள்ளியிருப்பாள், எப்பவும் அப்படித்தான். மாடி விளக்கு எரிந்தால், துணி எடுக்கப் போயிருக்கிறாள்.

"இப்போ சமையல்கட்டுல இருக்கா," என்று தங்கையிடம் நேரடி ஒலிபரப்பு செய்வார்.

"ரெண்டு தெருதானே அண்ணே? எட்டிப் போய்ப் பாத்துட்டு வந்துடேன்," என்பாள் அவள்.

"மானம்னு ஒண்ணு இருக்கில்ல?"

மானம் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், மனுஷனுக்கு அவள் நினைப்பாகவே இருந்தது. காலையில் அவள் வெந்நீர் போட மறந்து, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, நாளெல்லாம் தும்மிக்கொண்டு தைப்பாள். அது தெரிந்து, அவள் எழுந்திருக்கும் நேரம் பார்த்துத் தினமும் போனிலிருந்தே ஹீட்டரைப் போட்டு வைத்தார். இது போரில் சேராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு நாள் மனசு தாங்காமல் அந்த உருண்டைப் பெட்டியில், பிரிந்தவர்கள் உருகுகிற சோகப் பாட்டு ஒன்றையும் போட்டுவிட்டார். பெட்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் முடி வெட்டிக்கொள்ளப் போனார். முடி வெட்டுகிறவர் துண்டைப் போர்த்திக்கொண்டே, "நேத்து போட்ட பாட்டு பிரமாதம் சார்," என்றார். அவர் வீட்டுத் துணியெல்லாம் தையல்காரியிடம்தான் தைக்கப் போகும்.

"எந்தப் பாட்டு?"

"இல்ல சார், பொதுவாச் சொன்னேன். தலைய ஆட்டாதீங்க, காது போயிடும்."

கண்ணாடியில் பார்த்தால் பின்னால் காத்திருந்த இருவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். புது முடிவெட்டுதான் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார் நம் விசில்காரர்.

அடுத்த நாள் காலையில், ஹீட்டர் போடும் நேரத்துக்கு முன்பே ஆபத்து வந்தது. சட்டை அழுக்காகிவிட்டது. தங்கையிடம் துவைக்கக் கொடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு, வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி, சட்டையை முக்கி, நுரை வர நன்றாகக் கசக்கினார். கசக்கும்போது கையில் ஏதோ கட்டையாகத் தட்டுப்பட்டது. சட்டைப் பையில் போன்! காலமெல்லாம் சோப்புக்குக் காவல் நின்றவரை சோப்பே கவிழ்த்துவிட்டது.

துடைத்தார், உதறினார், வெயிலில் வைத்தார். கடைசியில் யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, தங்கையின் அரிசி டப்பாவில் அதைப் புதைத்துவிட்டு டப்பாவின் எதிரிலேயே உட்கார்ந்தார். அவள் கதவைத் திறந்தாளா, தெரியாது. வெந்நீரில் குளித்தாளா, தெரியாது. இரண்டு தெரு தள்ளியிருக்கிற வீடு, அன்றைக்குக் கடல் தாண்டிப் போய்விட்டது. போய்விடலாமா என்று செருப்பை மாட்டினார். அவள் கூப்பிடவில்லையே என்று கழற்றினார். மாட்டுவதும் கழற்றுவதுமாகவே பொழுது மதியத்தைத் தாண்டியது.

அப்போதுதான் வாசல் கதவைப் படபடவென்று யாரோ தட்டினார்கள்.

திறந்தால், அவள்! கழுத்தில் அளவு நாடா, காலில் ஒன்றுக்கொன்று சேராத செருப்பு. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. அவரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள், தோளைத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் நிலைப்படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கீங்களா? போன் பண்ணினா அணைஞ்சு கெடக்கு. உங்க தங்கச்சியும் வேலை நேரத்துல எடுக்க மாட்டேங்கறா. பிரஷர் மாத்திரைய வேற அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்க. தனியா எங்கயாவது விழுந்து கெடக்கறீங்களோன்னு..." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கத் தெரியாமல் கோபித்துக்கொண்டாள். "காலையிலேர்ந்து ஒரு விளக்குகூட அணையலையே!"

விசில்காரருக்கு முதலில் காதில் விழுந்தது வெற்றி முரசு மட்டும்தான். "அப்போ நீயாத்தான் வந்திருக்கே. நான் கூப்பிடல. ஞாபகம் வெச்சுக்க," என்றார். அதற்கப்புறம்தான் அவள் கடைசியாகச் சொன்னது மெல்ல மண்டையில் ஏறியது. "இரு, இரு. விளக்க அணைச்சது நான்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அழுகையோடு அழுகையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"நீங்க கிளம்பின அன்னிக்கே விளக்கு தானா அணைஞ்சுது. பையனுக்குப் போன் போட்டேன். அவன் அங்கேர்ந்தே என்னவோ பண்ணினான். யாரு போன்லேர்ந்து எதைத் தொட்டாலும், பூட்டுல யாரு விரல் வெச்சாலும் அந்த உருண்டை சொல்லிடும்."

"சொல்லிடும்னா?"

"சத்தமா சொல்லும். 'அப்பா கூடத்து விளக்கை அணைத்துவிட்டார்.' 'அப்பா மின்விசிறியை நிறுத்திவிட்டார்.' துணி வாங்க வந்தவங்க வாங்கிட்டுப் போகவே மாட்டேங்கறாங்க. அடுத்து அப்பா என்ன பண்ணப் போறார்னு பெஞ்சுல உக்காந்திருக்காங்க."

விசில்காரருக்குக் காது மடல் சிவந்தது. "பாட்டு?"

"'அப்பா உங்களுக்காக ஒரு பாடலை ஒலிக்க விடுகிறார்' னு சொல்லிட்டுத்தான் போட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கணும்னு முடி வெட்டறவர் ஒரே பிடிவாதம்."

அவருக்குப் போன் கிடக்கும் அரிசி டப்பாவுக்குள் தானும் இறங்கி மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அவள் அளவு நாடாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தினமும் காலையில சுடுதண்ணி போட்டீங்களே, அதையும்தான் சொல்லிச்சு. இன்னிக்கு அது சொல்லல. பச்சைத் தண்ணியிலதான் குளிச்சேன்." ஒரு தும்மல் போட்டாள். "அப்பவே ஓடி வந்திருக்கணும். பாழாப்போன ரோஷம், மத்தியானம் வரைக்கும் பிடிச்சு வெச்சுடுச்சு."

விசில்காரர் செருப்பை மாட்டினார். இந்த முறை கழற்றவில்லை.

வழியெல்லாம் ஒப்பந்தம் பேசிக்கொண்டே போனார்கள். முன்னறைக்கு இனி இடைவேளை கிடையாது. அவள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சலவை மிஷினை அவர் வைத்துக்கொள்ளலாம். வாசலுக்கு வந்ததும், நீங்களே திறங்க என்பது போல் அவள் ஒதுங்கி நின்றாள். அவர் பூட்டில் விரலை வைத்தார்.

"அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்!" என்று உள்ளே இருந்து பெட்டி ஊருக்கே கேட்கும்படி அறிவித்தது. கதவு திறந்தால் பெஞ்சு நிறைய ஆட்கள். கிழிந்த பட்டுக்குச் சொந்தக்காரப் பெண், அவள் அம்மா, நடுவில் முடி வெட்டுகிறவர். அத்தனை பேரும் எழுந்து கை தட்டினார்கள்.

விசில்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக அலமாரிக்குப் போய் அந்த உருண்டையைப் பார்த்துக் கையை நீட்டினார். "திருத்திச் சொல்லு! அப்பா வரல. அம்மா வந்து கூட்டிட்டு வந்தா. சொல்லு!"

பெட்டி, "மன்னிக்கவும், புரியவில்லை," என்றது.

பெஞ்சு குலுங்கக் குலுங்கச் சிரித்தது. அவள் எதையும் காதில் வாங்கிக்கொள்ளாதவள் மாதிரி மிஷின் முன்னால் போய் உட்கார்ந்து, குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்வப் போனவள், நிறுத்தி, "என்னங்க, புழுக்கமா இருக்கு. பேனைப் போடுங்க," என்றாள்.

அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. பை காலி. போன் அங்கே அரிசிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. நடந்துபோய்ச் சுவரில் இருந்த சுவிட்சைக் கையால் அழுத்தினார். கையால் போட்டால் பெட்டிக்குக் கணக்கில்லை. அது வாயைத் திறக்கவில்லை.

"கொஞ்சம் குறைச்சு வைங்க, துணி பறக்குது," என்றாள் அவள்.

"இந்தா, குறைச்சுட்டேன்," என்றார் விசில்காரர்.