தேயாத செருப்பு

அறுபதுகளில் திண்டுக்கல் சர்க்கார் ஆஸ்பத்திரியின் தொழுநோய்ப் பிரிவில் எனக்குக் கால்களோடுதான் வேலை. உணர்ச்சி செத்த பாதங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்த்த தோலைச் சீவி, புண்ணைக் கழுவிக் கட்டுவேன். முகம் மறந்தாலும் பாதம் மறக்காது. கோபம் மட்டும் எப்போதும் மூக்கின் மேலேயே இருக்கும்.

வேடசந்தூர்ப் பக்கத்துச் சோளக்காட்டுக்காரர் ஒருவருக்கு வலது பாதத்தில் ஆறாத குழிப்புண். முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது. அதற்காகவே டயர் அடியும் மெத்தென்ற ரப்பரும் வைத்துத் தைத்த செருப்பு கொடுத்திருந்தோம். வாராவாரம் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். புண்ணோ ஆழமாகிக்கொண்டே போனது.

"ரெண்டு மாசம் பாப்போம். ஆறலைன்னா பாதத்தை எடுத்துட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போனதும் கட்டை அவிழ்த்துப் போடுகிறீர்கள் என்று நான் பெரியவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்த வாரம், வார் உரசுகிறதா என்று பார்க்கச் செருப்பைத் திருப்பினேன். கொடுத்து மூன்று மாதமாகியும் டயரின் வரிகூடத் தேயவில்லை.

"இதை எங்க போடுறீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்லங்கய்யா."

அதுவரை துண்டில் சுற்றிக் கக்கத்தில் கொண்டுவருவாராம். "கவர்மெண்டு குடுத்த பொருளு. தேஞ்சுபோச்சுன்னா, நாளப்பின்ன நீங்க கேட்டா என்னத்தச் சொல்ல?"

கத்த வாயெடுத்தேன். கொடுத்த அன்று "பத்திரமா வச்சுக்கங்க" என்று சொன்னது நான்தான் என்பது ஞாபகம் வந்தது. நல்ல வேட்டியைத் திருவிழாவுக்கென்று மடித்து வைக்கிற மனிதரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

"பெரியவரே, காட்டுலயும் வீட்டுலயும் போடுங்க. தேயாம கொண்டுவந்தா உள்ள விட மாட்டேன்" என்றேன்.

கெடு முடிந்த அன்று கட்டை அவிழ்த்தேன். குழி தூர்ந்து புதுத்தோல் மூடியிருந்தது. டாக்டர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நீர் வரவில்லை. ஆபரேஷன் பட்டியலில் பெரியவர் பெயரை அடித்துவிட்டார். அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் போனபிறகு பெரியவர் மெதுவாகச் சொன்னார்.

"காலை எடுக்கப் போறாகன்னு வீட்டுல இன்னும் சொல்லலங்கய்யா. எப்படிச் சொல்லன்னு தெரியாமயே ரெண்டு மாசம் ஓடிருச்சு. இனிச் சொல்ல வேண்டாமுல்ல?"

"வேண்டாம்" என்றேன்.